பிரிட்ஜ் பிக்கப்: எந்தப் பாலத்தில், யாரை?

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் கதை எழுத உட்காரவில்லை. இசைப் பத்திரிகை நடத்துகிற நண்பர் கட்டுரை கேட்டிருந்தார். எலெக்ட்ரிக் கிட்டாரில் ஒரே ஒரு பாகத்தை மாற்றி, மெல்லிசைக்கும் அதிரடிக்கும் ஒத்துவருகிற மாதிரி செய்துகொள்வது எப்படி என்று. 'சரியான பிரிட்ஜ் பிக்கப்பைத் தேர்ந்தெடுங்கள்' என்று தலைப்பை மட்டும் கொட்டை எழுத்தில் அடித்துவிட்டு டீ போடப் போனேன். திரும்பி வந்தால் என் மனைவி திரையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

"ஏங்க, எந்த பிரிட்ஜ்ல? யாரைப் பிக்கப் பண்ணணும்?"

சிரித்த சிரிப்பில் டீ பாதி தரைக்குப் போனது. கட்டுரை அங்கேயே படுத்துவிட்டது.

(கிட்டார் பக்கமே போகாதவர்களுக்கு: கம்பிகள் அடிப்பக்கத்தில் ஓர் உலோகக் கட்டையின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கும். அதுதான் பிரிட்ஜ். பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றி மெல்லிய செம்புக் கம்பி சுற்றிய சின்னப் பெட்டி. கிட்டார்க் கம்பி அதிர்வதைப் பிடித்து ஒலிபெருக்கிக்கு அனுப்பும். பிரிட்ஜை ஒட்டி இருப்பது பிரிட்ஜ் பிக்கப். அவ்வளவுதான், வகுப்பு முடிந்தது.)

2

முதல் வரி எழுதினேன். மாலை வெயில் பாலத்தின் மேல் பொன்னை உருக்கி

வேண்டாம். வெயில் பொன்னை உருக்காத கதை ஒன்றாவது இருக்கட்டும்.

அவன் பிறந்தபோதே அவனுடைய விரல்கள்

இதுவும் வேண்டாம். பிறந்தபோது எல்லார் விரலும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

தம்பி வாசிப்பான், அக்கா பாடுவாள். இது நிற்கிறது. இங்கிருந்தே போகலாம்.

கம்பெனி விருந்து, ஓட்டல் ஹால், பிறந்தநாள் என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போகிற குழு அது. தம்பியின் கிட்டாரில் இருந்த பிரிட்ஜ் பிக்கப் சிங்கிள் காயில், அதாவது ஒரே சுருள். சத்தம் மெலிசு. மெல்லிய பாட்டுக்கு அக்காவின் குரலை ஒட்டிக்கொண்டு இடிக்காமல் போகும். ஆட்டம் போடுகிற பாட்டு வந்தால் மானம் போகும். டிரம்மர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிறவர் இல்லை. "என்னடா, கொசு கத்துற மாதிரி இருக்கு?" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார்.

தம்பிக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அடுத்த நிகழ்ச்சிக்கு ஹம்பக்கர் வைத்த கிட்டாரை இரவல் வாங்கிப் போனான். ஹம்பக்கர் என்றால் இரண்டு சுருள் சேர்ந்தது, தடித்த சத்தம். ஹாலே அதிர்ந்தது. அக்கா வாயசைப்பது தெரிந்தது, குரல் கேட்கவில்லை. குறைக்கச் சொல்லிக் கையைக் காட்டினாள். அவன் பார்த்தான், கைதட்டல் தலைக்கேறியிருந்ததால் குறைக்கவில்லை. பாட்டின் நடுவிலேயே அவள் மைக்கை ஸ்டாண்டில் மாட்டிவிட்டு இறங்கினாள்.

"நீ வாசிக்கிற மேடையில எனக்கு இடமில்லடா. நீயே வாசிச்சுக்கோ."

அன்றோடு பேச்சு நின்றது. குழுவுக்குக் கட்டைக் குரலில் ஒரு புதுப் பாடகர் வந்தார், பிழைப்பு ஓடியது. தம்பிக்குத்தான் மனசு ஆறவில்லை. அக்கா திரும்பி வந்து பாடவேண்டும். அதைக் கேட்க அவனுக்கு வாய் வரவில்லை. அதனால் தன் கிட்டாரை மாற்றலாம் என்று கிளம்பினான். மன்னிப்புக் கேட்பதைத் தவிர மற்ற எல்லா வேலையையும் இழுத்துப் போட்டுக்கொண்டு செய்கிறவர்களை உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

3

கிட்டார் பழுதுபார்க்கிறவருக்கு ஈயம் என்று பட்டப்பெயர். கடைக்குள் எந்நேரமும் ஈயம் உருகுகிற வாடை. அவருக்குச் சொல்லவேண்டியதைத் தம்பி வாட்ஸ்அப்பில் குரல் பதிவாகப் பேசி அனுப்பினான்.

"நாளைக்கு பிரிட்ஜ் பிக்கப். அஞ்சு மணிக்கு வந்துடறேன். நீங்க வெயிட் பண்ணுங்க."

போனது அக்காவுக்கு.

எப்படி என்றால், அக்காவின் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு எதையாவது எழுதுவதும் அழிப்பதும் அவனுக்கு வழக்கமாகியிருந்தது. அன்றும் 'அக்கா, சாப்பிட்டியா' என்று எழுதி அழித்தான். அப்போது ஈயத்தின் ஞாபகம் வந்தது. பக்கத்தை மாற்றாமலே பேசிவிட்டான்.

4

"வரேன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? கடையை மூட இருந்தேன்" என்றார் ஈயம், மறுநாள் அவன் கிட்டாரோடு போய் நின்றபோது.

"நேத்தே சொன்னேனே அண்ணே."

"எங்க சொன்னே? கனவுலயா?"

அவன் அதை அப்படியே விட்டான். (விடாமல் போனை எடுத்துப் பார்த்திருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும். நான்தான் விட வைத்தேன்.)

ஈயம் கம்பிகளைத் தளர்த்திப் பழைய பிக்கப்பை வெளியே எடுத்தார். மேசையில் மூன்று புதுசு வைத்தார். ஒன்று, கொஞ்சம் கனமாகச் சுற்றிய சிங்கிள் காயில். அடுத்தது ஹம்பக்கர். மூன்றாவதும் ஹம்பக்கர்தான், ஆனால் அதோடு வருகிற திருகுக் குமிழை மேலே இழுத்தால் ஒரு சுருள் அடங்கிப்போகும்.

"மூணாவது எல்லாத்துக்கும் ஒத்துவருமாண்ணே?"

"வரும். ஆனா ஒரு சுருளை அடக்கினா சத்தம் சட்டுனு இறங்கும். கொஞ்சம் ரெண்டுங்கெட்டான்தான்."

"பாடுறவங்க குரல் கேக்குமா?"

"யாரு பாடுறது?"

பதில் சொல்வதற்குள் போன் சிணுங்கியது. அக்கா எழுதியிருந்தாள்: 'பாலத்துக்கு வந்துட்டேன். எந்தப் பக்கம் நிக்கணும்?'

ஊரில் இருப்பது ஒரே பாலம், ரயில் பாதைக்கு மேலே போவது. தம்பி தன் குரலைத் தானே போட்டுக் கேட்டான். ஸ்கூட்டர் சாவியை எடுத்தான்.

"அண்ணே, இதோ வந்துடறேன்."

"கிட்டாரைக் குடலை உருவிப் போட்டிருக்கேன், எங்கடா ஓடறே?"

5

பாலத்தில் என்ன நடந்தது? இரண்டு முடிவு எழுதினேன்.

ஒன்று: தம்பி உண்மையைச் சொல்கிறான். "உனக்கு அனுப்பலைக்கா, தப்பா வந்துடுச்சு." அக்கா பஸ் ஏறிப் போய்விடுகிறாள். எழுதிவிட்டு எனக்கே அவன்மேல் எரிச்சல் வந்தது. மனுஷி வெயிலில் வந்து நிற்கிறாள், இப்படியா முகத்தில் அடிப்பது?

இரண்டு: "உன்னைக் கூப்பிடத்தான் அனுப்பினேன்" என்று புளுகுகிறான். அக்கா நம்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு அங்கேயே பாட ஆரம்பிக்க, போகிறவர்கள் எல்லாரும் வண்டியை நிறுத்தி

போதும். இது உங்கள் காதில் பூச்சுற்றுகிற வேலை.

6

அதுவரை எழுதியதை மனைவியிடம் படித்துக் காட்டினேன். அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்டாள்.

"ஏங்க, அந்தப் பொண்ணு எத்தனை வருஷமா பாடுறா?"

"சின்ன வயசுலேர்ந்து."

"தம்பியோடதானே?"

"ஆமா."

"அப்ப அவளுக்கு பிரிட்ஜ் பிக்கப்னா என்னன்னு தெரியாதா? எனக்குத் தெரியாது, சரி. அவளுக்குமா தெரியாது?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கதையில் இவ்வளவு பெரிய ஓட்டை! இத்தனை நேரம் அதன்மேல் ஜமுக்காளம் விரித்து உட்கார்ந்திருக்கிறேன். எல்லாவற்றையும் அழித்துவிடலாமா என்று கை போனது.

அப்புறம் அக்காவை மறுபடி நினைத்துப் பார்த்தேன். அந்தக் குரலைக் கேட்டவுடனே இது ஈயத்துக்குப் போகவேண்டியது என்று அவளுக்குத் தெரிந்திருக்கும். 'ஆள் மாத்தி அனுப்பிட்டே' என்று ஒரு வரி போட்டிருக்கலாம். பேசாமலும் இருந்திருக்கலாம். அவளோ தலை வாரிக்கொண்டு, பஸ் பிடித்து, பாலத்தில் ஏறி நின்று, எந்தப் பக்கம் என்று கேட்கிறாள். அவளுக்கும் ஒரு சாக்கு வேண்டியிருந்திருக்கிறது. எழுதுகிற எனக்கு இது தெரியவில்லை, பாருங்கள். அழுகை வந்துவிட்டது, சொன்னால் என்ன?

"வெங்காயமா?" என்றாள் மனைவி.

ஆமாம் என்றேன்.

7

ஆக, மறுபடியும் பாலம். தம்பி ஸ்கூட்டரை நிறுத்தினான். அக்கா கைப்பிடிச் சுவரோரம் நின்றிருந்தாள்.

"என்னடா, 'நீங்க வெயிட் பண்ணுங்க'ளா? எப்பலேர்ந்து எனக்கு இவ்வளவு மரியாதை?"

"இல்ல... கோபமா இருக்கியேன்னு..."

"ஓஹோ."

பின்னால் ஏறி உட்கார்ந்தாள். எங்கே போகிறோம் என்று கேட்கவில்லை. கீழே ரயில் ஒன்று தடதடத்துப் போனது. பாலத்தை விட்டு இறங்கும்போது அவன் காதருகே குனிந்தாள்.

"ரொம்பத் தடிச்சதா வைக்கச் சொல்லிடாதேடா. எனக்கும் கொஞ்சம் இடம் விடு."

ஸ்கூட்டர் ஒருமுறை ஆடி நேரானது.

"அக்கா, அன்னிக்கு மேடையில நான்

இந்த வாக்கியத்தைப் பலவிதமாக முடித்துப் பார்த்து எல்லாவற்றையும் அடித்துவிட்டேன். அவன் வாயால் முடிக்கவேண்டியது, நான் முடித்தால் செல்லாது. மூன்றில் எதை வைத்தார்கள் என்றும் என்னைக் கேட்காதீர்கள். ஒவ்வொன்றாக மாட்டி, அக்காவைப் பாடச் சொல்லி, எதில் இரண்டு பேரும் கேட்கிறார்கள் என்று பார்க்கவேண்டும். அதற்கு நேரமாகும். உங்களுக்கு அவசரமில்லை என்றால் கடை வாசலில் கொஞ்சம் நின்று கேட்டுவிட்டு எனக்கும் சொல்லுங்கள்.