வலமிருந்து எரிந்த விளக்குகள்

"அதை மேடைக்கு அனுப்பாதீங்க!" என்று ஜஹனாரா போட்ட சத்தத்தில், பலகையைத் தூக்க வந்த இருவரும் கையை எடுத்துக்கொண்டார்கள். சாவு வீட்டில் தன் குரல் இவ்வளவு உரக்க வரும் என்று அவளே நினைக்கவில்லை.

ஆள் உயரப் பலகை. முப்பத்திரண்டு வரிசை, வரிசைக்கு முப்பத்திரண்டு சிவப்பு எல்.ஈ.டி. கேமரா பார்ப்பதைக் கம்ப்யூட்டர் புள்ளி புள்ளியாகப் பிரித்து ஒவ்வொரு விளக்குக்கும் அனுப்பும். மேடையில் ஆடுகிறவளின் உருவம் அவள் பின்னாலேயே ஒளியாக ஆடும். 1998இல் அந்தத் தெருவில் யாரும் இப்படி ஒன்றைக் கேள்விப்பட்டதுகூட இல்லை. ஞாயிற்றுக்கிழமை தி. நகரில் அரங்கேற வேண்டியது.

அதைச் செய்த அவள் அண்ணன் ஷஃபியுல்லா, மயிலாப்பூர்ச் சந்து வீட்டின் கூடத்தில் வெள்ளைத் துணிக்குள் கிடந்தான். விடியற்காலை கீபோர்டின் மேலேயே சரிந்துவிட்டான். ஷாக் அடித்துவிட்டதோ என்று பதறி யாரோ மெயினை அணைத்தார்கள். டாக்டர் வந்து மாரடைப்பு என்றார்.

மாரடைப்பு இல்லை, நான்தான் என்று அவள் நெஞ்சு அடித்துக்கொண்டது. பலகையின் மேல் பாதிக்கு அண்ணன் வயர் இழுத்தான். கீழ்ப் பாதிக்கு அவள். உருது எழுதிப் பழகிய கை, ஒவ்வொரு வரிசையையும் வலப்பக்கமிருந்து தொடங்கிவிட்டது. முடித்த பிறகுதான் உறைத்தது. உருவத்தின் தலை ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமுமாக நிற்கும். பயத்தில் சொல்லவில்லை. அதற்குப்பின் அண்ணன் மூன்று நாள் தூங்காமல் உட்கார்ந்திருந்தபோதும் வாயைத் திறக்கவில்லை.

இப்போது அண்ணனின் கூட்டாளி ஜெயராமிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். "என் தப்பைத் தேடித் தேடியே அண்ணன் போயிட்டாரு. இது மேடை ஏறினா அவரைத்தான் ஊர் சிரிக்கும்."

ஜெயராம் வாயெடுப்பதற்குள் வாசலிலிருந்து ஹபீபுர் ரஹ்மான் மாமாவின் குரல் வந்தது. "ஜனம் வேர்த்துக்கினு கீது. மெயினைப் போடுங்கப்பா!"

ஃபேன் சுற்றியது. கம்ப்யூட்டரும் முனகி எழுந்தது. கரண்ட் வந்தால் தானாக ஓடும்படி அண்ணன் புரோகிராம் எழுதிவைத்திருந்தான். கேமரா கூடத்தைப் பார்த்தபடி இருந்தது. பலகை குபீரென்று எரிந்தது.

கூடமே ஒளியாய் நின்றது. எதிர்வீட்டுத் தங்கம் எழுந்தாள். சிவப்புப் புள்ளிகளில் ஒருத்தி எழுந்தாள். தலையும் காலும் ஒரே நேரில் இருந்தன. தங்கம் வாயைப் பொத்திக்கொண்டாள், ஒளியில் நின்றவளும் பொத்திக்கொண்டாள். அணைக்க ஓடிவந்த மாமாவின் கை சுவிட்சருகே நின்றுவிட்டது. "சுப்ஹானல்லாஹ்," என்றார்.

"எங்கேயாவது கோணலா இருக்கா, பாரு," என்றான் ஜெயராம். "திங்கக்கிழமையே அவர் கண்டுபிடிச்சுட்டார். வயரைப் பிரிச்சிடலாமான்னு கேட்டேன். 'ஐந்நூறு பல்பு ஒத்தையா பத்தவெச்சிருக்கா. கீழ்ப் பாதிய மெஷின் வலப்பக்கத்துலேர்ந்து படிச்சிட்டுப் போவட்டுமே'ன்னார். அரைமணி வேலைம்மா. அப்புறம் மூணு நாளும் முழிச்சிருந்தது, சும்மா இதைப் பார்த்துண்டிருக்கத்தான்."

ஜஹனாராவுக்கு அப்போதுதான் அழுகை வந்தது. வந்தது நிற்கவில்லை.

குளிப்பாட்டிக் கஃபன் துணி உடுத்தி, தொழுகைக்கு எடுத்துப் போக சந்தூக்குப் பெட்டியைத் தூக்கினார்கள். பலகையை அணைக்க யாருக்கும் கை வரவில்லை. பெண்கள் எல்லாரும் வாசலைப் பார்க்க, அவள் மட்டும் பலகையைப் பார்த்தாள். நான்கு தோள்களின் மேல் நீளமாய் ஓர் ஒளி, எங்கும் முறியாமல், ஒவ்வொரு விளக்காகத் தாண்டி ஓரத்துக்குப் போய் மறைந்தது. காலியான வாசலின் வெயில் மட்டும் அங்கே எரிந்துகொண்டிருந்தது.