கண்ணைத் திறந்துகொண்டே

சூளகிரியில் கார்களுக்கு ஒயர் கட்டும் கம்பெனியில் பிரவீனாவுக்கு வேலை. ஒரு வாரம் பகல் ஷிஃப்ட், மறு வாரம் இரவு. ஞாயிறுகளில் ஓவர்டைம். ஒருநாள் காலை கம்பெனி பஸ் குருபரப்பள்ளியைத் தாண்டும்போது நெஞ்சை யாரோ முறுக்கிப் பிழிவதுபோல் இருந்தது. கை மரத்தது. செத்துவிடப் போகிறோம் என்றே நினைத்தாள்.

கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுத்தார்கள். "இதயத்துல ஒண்ணும் இல்லம்மா. மனப் பதட்டம்" என்ற டாக்டர், மாத்திரை எழுதிக் கொடுத்து, மூச்சுப் பயிற்சியும் செய்யச் சொன்னார். அவளுக்கு நிம்மதி வரவில்லை. ஒன்றும் இல்லாததற்கா இந்தப் பாடு என்று அசதிதான் வந்தது.

பகல் ஷிஃப்ட் முடிந்ததும் கம்பெனி கேன்டீனில் யோகா வகுப்பு நடக்கும். மேஜைகளை ஓரம் தள்ளிப் பாய் விரிப்பார்கள். சாம்பார் வாசனை போயிருக்காது. படுக்கச் சொன்னால் பாதிப் பேர் குறட்டை விடுவார்கள்.

"கண்ணை மூடி மூச்சை மட்டும் கவனிங்க" என்றார் ஆசிரியை நிர்மலா.

பிரவீனா மூடினாள். நெஞ்சு அடிப்பது மட்டும் பெரிதாகக் கேட்டது. கவனிக்கக் கவனிக்க வேகம் ஏறியது. எழுந்து வெளியே ஓடினாள்.

நிர்மலா பின்னாலேயே வந்தார். கைகழுவும் குழாயடியில் அவள் குனிந்து நின்றிருந்தாள்.

"எனக்கு இது ஒத்துக்காதுங்க மேடம். இன்னும் அதிகமாவுது."

"சில பேருக்கு அப்டித்தாம்மா ஆவும். நீ கண்ணை மூடாத. தெறந்துக்கினே செய். காலு தரையில படுது பாரு, அத மட்டும் கவனி. மூச்ச மெதுவா வுடு, போதும்."

அன்றிலிருந்து அவள் கடைசி வரிசையில் கண்ணைத் திறந்தபடியே உட்கார்ந்தாள். சில நாள் எதுவும் நடக்காது. கால் வலிதான் தெரியும். சில நாள் தோள்பட்டை காதுவரை ஏறி நிற்பது தெரியும். இறக்கிவிடுவாள்.

மறுபடியும் அந்த நெஞ்சுப் பிடிப்பு வந்தது, கம்பெனியில் ஒயர் கட்டும் லைனில் நிற்கும்போது. செருப்புக்குள் விரல்களை அழுத்தி, மெதுவாக மூச்சை விட்டாள். கொஞ்ச நேரம் பயமுறுத்திவிட்டுப் போனது. அதன்பின் உடம்பு துவண்டுவிட்டது. அப்போதுதான் சூப்பர்வைசர் ராஜ்குமார் வந்தார்.

"ஞாயித்துக்கெழம வந்துடும்மா. ஆளில்ல."

"இந்த வாரம் முடியாதுங்க சார்."

"அதான் யோகா பண்றியே, அப்பறம் என்ன?"

"யோகா மூச்சுக்குத்தான் சார். ஒடம்புக்கு லீவுதான் வேணும்."

அவர் ஏதோ முணுமுணுத்துவிட்டு அடுத்த பெண்ணிடம் போனார். அந்தப் பெண்ணிடமும் அதையே கேட்பது காதில் விழுந்தது. பிரவீனாவுக்குச் சங்கடமாக இருந்தது. ஆனாலும் சொன்னதை மாற்றவில்லை.

ஞாயிறு மத்தியானம்வரை தூங்கினாள். கணவன் முனிவேல் சோறாக்கி வைத்துவிட்டு எழுப்பினான்.

"இப்ப எப்டி கீது?"

"செரியாவல. இன்னும் தூக்கம்தான் வருது."

"சாப்ட்டுட்டுப் படு" என்று தட்டை நகர்த்தினான்.

சாப்பிட்டுவிட்டு மறுபடியும் படுத்தாள்.