மூன்று நாள் தண்ணீர் படக்கூடாது

என் கடையில் ஷாம்பு மட்டும் எழுபது வகை இருக்கிறது. சுருட்டை முடிக்கு ஒன்று, வறண்ட முடிக்கு ஒன்று, சாயம் போட்ட முடிக்கு, பிள்ளை பெற்றபின் கொட்டுகிற முடிக்கு என்று கூரை வரைக்கும் அடுக்கியிருக்கிறேன். த்லெம்சான் ஊரில் பாதிப் பெண்களின் தலை எனக்கு மனப்பாடம். உள்ளே வந்து தலைத்துணியைக் கொஞ்சம் விலக்கி நெற்றி முடியைக் காட்டினால் போதும், சரியான டப்பாவுக்கு என் கை தானாகப் போய்விடும். இவ்வளவு பெரிய கெட்டிக்காரி, சொந்தத் தங்கைக்கு எடுத்துக்கொடுத்த டப்பாவைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

தங்கை பெயர் ரீஹாப். இருபத்துநான்கு வயது. அப்பா வழி முடி அவளுக்கு. நனைந்தால் சுருண்டு மேலே ஏறிக்கொள்ளும், காய்ந்தால் இரண்டு மடங்காகும். பள்ளிக்கூடத்தில் அவளைப் பஞ்சுமூட்டை என்று கூப்பிட்டார்கள். அன்றிலிருந்து கர்தூன் கட்டாமல் அவள் படுத்ததில்லை. முடியை இழுத்து வாரி ஒரே வாலாகக் கட்டி, நீளமான துணிநாடாவை அடியிலிருந்து நுனிவரை நெருக்கிச் சுற்றிக்கொண்டு தூங்க வேண்டும். காலையில் அவிழ்த்தால் முடி நேராக விழும். எங்கள் ஊரில் கர்தூன் கட்டுவது பல் விளக்குகிற மாதிரி. எல்லாப் பெண்களும் கட்டுகிறார்கள், ஏன் என்று எந்த ஆணும் கேட்பதில்லை. பதினாறு வருடம் இழுத்துக் கட்டியதில் ரீஹாப்புக்குக் காதுக்கு மேலே முடி மெலிந்து, தோல் எப்போதும் சிவந்து புண்ணாகி இருக்கும்.

போன வசந்தத்தில் ஒரு கல்யாண வீட்டில் ஜூலைகா மாமி அவளைப் பார்த்துவிட்டார். அன்று காலை இரண்டு மணி நேரம் ஸ்ட்ரெய்ட்னர் பிடித்து அந்த முடியைப் படிய வைத்தவள் நான்தான். மாமி எங்கள் மேஜைக்கு வந்து உட்கார்ந்து, பேச்சோடு பேச்சாக ரீஹாப்பின் முடியை மேலிருந்து கீழே ஒரு தடவு தடவினார். மகனுக்குப் பெண் தேடுகிற தாய்மார் எங்கள் ஊரில் கண்ணை மட்டும் நம்புவதில்லை. அடுத்த வாரமே பாதாம் பலகாரத் தட்டோடு வீட்டுக்கு வந்துவிட்டார்கள்.

மகன் பெயர் கௌத்தி, பள்ளியில் கணக்கு வாத்தியார். தலைமுடியை ஒட்ட வெட்டி, சிப்பாய் மாதிரி இருப்பான். சிரித்தால் மட்டும் கன்னத்தில் குழி விழும். ரீஹாப்புக்கு அவனைப் பிடித்துவிட்டது. பிடிக்காமல் இருந்திருந்தால் அவள் இவ்வளவு பயந்திருக்க மாட்டாள்.

நிச்சயம் ஆனபிறகு ஒருநாள் போனில் அவன் சொன்னானாம், எங்க அம்மாவுக்கும் இப்படித்தான் நேர் முடி, உன்னைப் பார்த்ததும் எங்க வீட்டு ஆள் மாதிரியே இருந்தது என்று. அதை என்னிடம் சொல்லிவிட்டு ரீஹாப் தேம்பித் தேம்பி அழுதாள். உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றாள். அம்மா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். ரீஹாப் என் முகத்தைப் பார்த்தாள். நான்தான் பெரிய மனுஷி மாதிரி, கல்யாணம் முடியட்டும்டி, அப்புறம் மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம் என்றேன். அந்த வார்த்தைக்காக இன்றைக்கும் என் வாயிலேயே அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது மாமியிடமிருந்து தகவல் வந்தது. கல்யாணத்துக்கு முன்பு மணப்பெண்ணை ஹம்மாமுக்கு, அதாவது ஊர்ப் பொது வெந்நீர்க் குளியலறைக்கு, அழைத்துப் போவது எல்லா வீட்டிலும் உண்டு. பாட்டுப் பாடி, மெழுகுவத்தி ஏற்றி, குளிப்பாட்டும் வேலைக்காரி கையில் பெண்ணைக் கொடுத்துவிடுவார்கள். மாமி வீட்டு வழக்கம் வேறு. அங்கே மருமகளின் தலையை மாமியார்தான் தன் கையால் அலசுவாராம், அதுவும் எல்லார் முன்னாலும். செவ்வாய்க்கிழமை ஹம்மாம் பேசியாகிவிட்டது, ஷாம்பு எதுவும் கொண்டுவர வேண்டாம், தலை அலசுகிற களிமண் நானே ஊறவைத்துக் கொண்டுவருகிறேன் என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

காய்ச்சல் என்று சொல்லலாமா, மாதவிலக்கு என்று சொல்லலாமா என்று அம்மா கணக்குப் போட்டாள். காய்ச்சல் என்றால் மாமி பார்க்க வந்துவிடுவார். மாதவிலக்கு என்றால் கல்யாணத் தேதி வைத்தபோதே எண்ணிப் பார்த்தது இரண்டு வீட்டுக்கும் தெரியும். கடைசியில் அம்மாவும் ரீஹாப்பும் என் கடையை நம்பினார்கள்.

முடியை நேராக்கும் கெரட்டின் மருந்து என்னிடம் இரண்டு தினுசு இருந்தது. ஒன்று பழைய சரக்கு. பூசி ஸ்ட்ரெய்ட்னர் வைத்தால் எழுகிற புகையில் கண் எரியும், தொண்டை கட்டிக்கொள்ளும். ஆனால் ஆறு மாதத்துக்கு முடி அசையாமல் நேராகத் தொங்கும். இன்னொன்று புதுசு. எரிச்சல் கிடையாது, தேங்காய் வாசனை. எத்தனை குளியல் தாங்கும் என்பது அவரவர் முடியைப் பொறுத்தது. வேறு யாராவது வந்து கேட்டிருந்தால், கல்யாணத்துக்கா, யோசிக்காமல் பழசையே எடும்மா என்றிருப்பேன். ஆனால் ரீஹாப்புக்குச் சின்ன வயதிலிருந்தே மூச்சிழுப்பு. போதாததற்குக் காதுமேல் அந்தப் புண். வெள்ளிக்கிழமை கடையை உள்பக்கம் தாழ்போட்டு அவளை நாற்காலியில் உட்கார வைத்து, பழைய டப்பாவைக் கையில் எடுத்தேன். மூடியைத் திறந்ததுமே அவள் இருமினாள். மனசு கேட்கவில்லை. அதை மூடி வைத்துவிட்டுப் புதுசை எடுத்தேன்.

நாலு மணி நேரம் ஆனது. முடிந்தபோது அவள் முடி பளபளவென்று இடுப்பில் வந்து விழுந்தது. அம்மா அதை முத்தமிட்டு அழுதாள். டப்பாவில் எழுதியிருந்தபடி மூன்று நாள் தண்ணீர் படக்கூடாது, கட்டக்கூடாது, கிளிப்கூடப் போடக்கூடாது. அப்படியென்றால் செவ்வாய்க்கிழமை வரை நனைத்துப் பார்க்கவும் முடியாது. பிடித்ததா இல்லையா என்று தெரியாமலே ஹம்மாமுக்குப் போக வேண்டியதுதான்.

அந்த மூன்று நாளும் ரீஹாப் கர்தூன் இல்லாமல் தூங்கினாள். எட்டு வயதுக்குப் பிறகு அதுதான் முதல் தடவை. காலையில் எழுந்து கழுத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துக்கொள்வாள். காதுமேல் சிவப்புக்கூடக் கொஞ்சம் வாடியிருந்தது. செவ்வாய்க்கிழமை டாக்சியில் என் தோளில் சாய்ந்துகொண்டு மெல்லச் சொன்னாள்.

"தலை எவ்ளோ லேசா இருக்கு தெரியுமாக்கா? இன்னைக்கு எல்லாருக்கும் தெரிஞ்சுட்டாக்கூட பரவால்லன்னு தோணுது. வேணாம்னா வேணாம்னு போகட்டும். ஒரேயடியா முடிஞ்சுடும்."

வாயை மூடு என்று அம்மா முன்சீட்டிலிருந்து திரும்பி அதட்டினாள்.

ஹம்மாமின் சூட்டறையில் மாமி வீட்டுப் பெண்கள் எட்டுப் பேர் எங்களுக்கு முன்பே உட்கார்ந்திருந்தார்கள். மாமி தலையில் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு, மடியில் செம்புச் சட்டியோடு நடுவில் இருந்தார். சட்டியில் பன்னீரில் ஊறிய களிமண். மருந்தைக் கரைக்காது என்று நான் ஒளித்துக் கொண்டுபோன பாட்டிலை நீட்டி, இது உப்பில்லாத ஷாம்பு மாமி, களிமண் இவளுக்கு ஒத்துக்காது, தோலில் புண் இருக்கிறது என்றேன். அவர் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தார்.

"கடைச் சரக்கு கடையிலயே இருக்கட்டும் வஸீலா. என் மருமக தலைய எனக்குக் கழுவத் தெரியும்."

முதல் குடம் தண்ணீர் ஊற்றினார். முடி நேராகவே ஒட்டிக்கொண்டு நின்றது. என் உயிர் திரும்பி வந்தது. இரண்டாவது குடமும் தாங்கியது. அப்புறம் களிமண்ணை அள்ளிப் பூசி, வேர்வரை விரலை விட்டுத் தேய்த்தார். அந்தக் கை தேய்க்கத் தேய்க்க, நாலு மணி நேர வேலை கரைந்து தரையிலிருக்கும் சாக்கடைத் துளைக்குள் போவதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். எழுபது வகை ஷாம்பு விற்கிறவள், ஒரு விரலைக்கூட அசைக்க முடியாமல் உட்கார்ந்திருந்தேன். எழுந்து போய் அவர் கையைப் பிடிக்கவா முடியும்?

மூன்றாவது குடத்துக்குக் காதோரம் முதலில் நெளிந்தது. பிறகு கழுத்துப் பக்கம். நான்காவது குடம் வடிந்தபோது முடி முழுவதும் சுருண்டு தோளுக்கு ஏறிவிட்டது. பாடிக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். அம்மா காணாமல்போகாத சோப்பைத் தேடத் தொடங்கினாள். கௌத்தியின் அத்தை மகள் ஒருத்தி, வாய்த்துடுக்குக்காரி, சிரிப்பை அடக்காமல் சொன்னாள்.

"கடைக்காரி தங்கச்சியாச்சே. பேக்கிங் நல்லாத்தான் பண்ணியிருந்தாங்க."

ரீஹாப் தலையைக் குனிந்துகொண்டு அசையாமல் இருந்தாள். ஆனால் அவள் தோள் தளர்ந்திருந்தது. அவளைத் தெரிந்தவள் நான், எனக்குப் புரிந்தது. பயந்தது நடந்து முடிந்துவிட்டது. இனி ஒளிக்க ஒன்றும் இல்லை.

மாமி குடத்தைக் கீழே வைத்தார். எல்லாரும் வெளி அறைக்குப் போய் ஆரஞ்சு உரித்துச் சாப்பிடுங்கள் என்றார். எங்கள் அம்மாவையும் அவர்களோடு அனுப்பினார். ரீஹாப்போடு என்னை மட்டும் இருக்கச் சொன்னார். கதவு சாத்தியதும் தன் தலைத்துண்டை அவிழ்த்து ஒரு குடம் தண்ணீரைத் தன் தலையில் ஊற்றிக்கொண்டார்.

நரைத்த முடி ஒவ்வொரு இழையாகச் சுருண்டு எழுந்தது. ரீஹாப்பின் முடியைவிட அடர்த்தி.

"முப்பத்தோரு வருஷம்," என்றார் மாமி. "அவருக்குத் தெரியாது. வியாழக்கிழமையானா ஹம்மாம், கர்தூன் கட்டிக்கிட்டுத்தான் வீட்டுக்குத் திரும்புவேன். கௌத்திக்கும் தெரியாது. அவன் தலையில முடி வளர விட்டாத்தானே. சின்னதுலேர்ந்து மாசாமாசம் நானேதான் ஒட்ட வெட்டிவிடறேன்."

அவர் ரீஹாப்பின் கன்னத்தைத் துடைத்துவிட்டார். சத்தியமாகச் சொல்கிறேன், அந்தக் கையில் பாசம்தான் இருந்தது. கல்யாண வீட்டில் தடவியபோதே வேரிலிருந்த நெளிவு விரலில் தட்டுப்பட்டதாம். அதனால்தான் அவளைப் பிடித்ததாம். எதற்கு எல்லார் முன்னாலும் நனைத்தீர்கள் என்று நான் கேட்டேன். நாளைக்கு யாராவது ஒருத்தி கண்டுபிடித்து வெளியே சொல்வதைவிட, இன்றைக்கே என் முன்னால் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொள்ளட்டும், அவளுகள் தலையும் எனக்குத் தெரியும் என்றார்.

ரீஹாப் நிமிர்ந்தாள். அவள் முகத்தில் அப்போது ஒரு சிரிப்புக்கூட வரப்பார்த்தது.

"மாமி, நான் அவர்கிட்ட சொல்லிடறேன். அவர் ஒண்ணும் நெனைக்க மாட்டாரு. நீங்க இருக்கும்போது எனக்கு என்ன பயம்?"

மாமியின் கை நின்றுவிட்டது.

"சொல்லக்கூடாதும்மா. உன் தலையப் பாத்தான்னா அடுத்து என் தலையப் பாப்பான். அவன் பாத்தா அவரும் பாப்பாரு. முப்பத்தோரு வருஷம் பக்கத்துல படுத்திருந்தவ யாருன்னு அந்த மனுஷன் கேட்டா, இந்த வயசுல நான் என்ன பதில் சொல்றது?"

ரீஹாப் என்னைப் பார்த்தாள். கல்யாணம் முடியட்டும் என்று நான் சொன்ன அன்றைக்குப் பார்த்த அதே பார்வை. பாவி, இனி மறைக்க வேண்டாம் என்று சொல்லடி என்று என்னையே திட்டிக்கொண்டேன். மாமி கொடுமைக்காரியாக இருந்திருந்தால் சொல்லியிருப்பேன். அவர் நடுங்கிக்கொண்டிருந்தார்.

மாமி தன் பையிலிருந்து எண்ணெய்க் குப்பியும் சீப்பும், துவைத்து மடித்த செம்மண் நிற நாடா ஒன்றும் எடுத்தார். ரீஹாப்பின் முடியைத் துண்டால் ஒற்றி, எண்ணெய் தடவி, பின்னால் இழுத்து வாரினார். எனக்கு ஒன்று எடுத்து வை வஸீலா, உன்னிடம் அந்தப் பழைய மருந்து இருக்குமே, எரிச்சலாக இருக்குமே அது, என்றார் நடுவில். வைக்கிறேன் மாமி என்றேன். இரண்டாக எடுத்து வை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை நாங்கள் இருவரும் வந்துவிடுகிறோம் என்றார்.

பிறகு நாடாவின் ஒரு முனையை என் கையில் கொடுத்தார்.

"நல்லா இழுத்துப் புடி. லூசா விட்டா நழுவிடும்."

அவர் சுற்ற ஆரம்பித்தார். காதுமேல் வாடியிருந்த இடம் மறுபடி சிவந்தது.

"வலிக்குதுக்கா," என்றாள் ரீஹாப், தலையைத் திருப்பாமல்.

தெரியும். நான் இழுத்துப் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன்.