செய்திக்கு இடமில்லாத வரி

எங்கள் பக்கத்து விதை உருளைக்கிழங்கு முழுவதும் கூட்டுறவுக் குளிர்கிடங்கில் கிடந்தது. என்னுடையதும் அதில்தான். அடுத்த நடவுக்கு அதை விட்டால் வேறு நாதியில்லை. குளிர் போனால் கிழங்கு உள்ளுக்குள் கருத்துச் செத்துவிடும். மேலுக்குப் பார்த்தால் பெண் பார்க்க வந்தவன் மாதிரி பளபளவென்றுதான் இருக்கும்.

கிடங்கின் கம்ப்யூட்டர் என் மாப்பிள்ளையின் பொறுப்பு. அறைகளின் குளிரைக் கவனித்துக்கொண்டே இருந்து, கோளாறு என்றால் குறுஞ்செய்தி அனுப்புகிற ஒரு புரோகிராம் எழுதியிருந்தார். செய்தியை எழுத ஒரு லாகிங் லைப்ரரி வைத்திருப்பதாகச் சொன்னார். லைப்ரரி என்றதும் நான் மூக்குக்கண்ணாடியைத் தேடினேன். புத்தகமே இல்லாத லைப்ரரியாம். நடப்பதை எல்லாம் வரி வரியாகப் பதிந்து, சொன்ன இடத்துக்கு அனுப்பும் ஒரு சின்ன ஏற்பாடு. வரி எப்படி இருக்கவேண்டும் என்று நாமே சொல்லிவிடலாம் என்பதுதான் அதன் பெருமை. நேரத்துக்கு ஓர் இடம், அறைக்கு ஓர் இடம், செய்திக்கு ஓர் இடம். மற்றபடி நடுவில் என்ன வேண்டுமானாலும் சேர்க்கலாம். புரோகிராமைத் தொடவே வேண்டாம். மாப்பிள்ளை இதை எல்லாரிடமும் சொல்லிச் சொல்லிப் பூரித்தார். வினை அங்கேதான் முளைத்தது.

முதலில் செய்தி நறுக்கென்று வந்தது. ‘காலை, மூன்றாம் அறை, கதவு திறந்திருக்கிறது.’ மெக்கானிக் ஓடிப்போய்ச் சாத்துவான். அவனுக்கு மௌனி என்று பெயர் வைத்திருந்தார்கள். அவன் வாய் மூடி யாரும் பார்த்ததில்லை. ஒருமுறை நின்றுபோன கம்ப்ரஸர் அவன் பேச்சுக்குப் பயந்தே தானாக ஓட ஆரம்பித்தது. நான் பக்கத்தில் நின்று பார்த்தவன்.

செயலாளருக்கு அந்தச் செய்தி பிடிக்கவில்லை. ஒரு மெஷின் தன்னை ஏவுகிற மாதிரி இருக்கிறதாம். முன்னால் ‘மதிப்பிற்குரிய ஐயா’ சேர்க்கச் சொன்னார். ஒரே வரிதானே, மாப்பிள்ளை சேர்த்தார். செயலாளருக்கு ஐயா என்றால் தலைவருக்கு? சங்கத்தின் முழுப்பெயரும் தலைவரின் பட்டங்களும் ஏறின. பொருளாளர் சங்கத்தின் கொள்கை வாசகத்தை ஏற்றினார். ஓர் உறுப்பினர் தமிழ்ப் பற்றுள்ளவர். ‘தங்கள் மேலான கவனத்திற்குப் பணிவுடன் தெரிவித்துக்கொள்வது யாதெனில்’ என்று ஒரு பாலம் கட்டிக் கொடுத்தார். வரி வளர்ந்த வளர்த்தியில், அதன் தலையில் போட்ட நேரம் வால் வருவதற்குள் பழசாகிவிடும்.

குறுஞ்செய்திக்கு ஓர் அளவு உண்டு; மிஞ்சினால் வெட்டிவிடும். மௌனியின் போனில் எல்லாச் செய்தியும் ‘யாதெனில்’ என்பதோடு நின்றது. யாது என்பது மட்டும் வரவே இல்லை. மௌனி ஆபீசுக்குப் போன் போடுவான். அங்கே மாப்பிள்ளை பெரிய திரையில் முழு வரியையும் படித்துச் சொல்வார். அப்படியே காலம் ஓடியது.

மாப்பிள்ளைக்கு இது தெரியாமல் இல்லை. செய்தியை முன்னால் போடலாம் என்று கமிட்டியில் கேட்டுப் பார்த்தார். தலைவர் பெயருக்கு முன்னால் கம்ப்ரஸர் வருவதா என்று செயலாளர் கேட்டாராம். சரி, தன் நம்பருக்காவது அனுப்பிக்கொள்ளலாமா என்றதற்கு, பதவிப்படி அவர் பட்டியலில் வரமாட்டார் என்றார்களாம். மறுபடியும் கேட்டதற்கு அடுத்த கூட்டம் என்றார்கள். கூட்டத்துக்கு ஆள் சேரவில்லை.

நான் அவரைத் தனியே பிடித்தேன்.

“யாரையும் கேக்காம மாத்திடுங்க மாப்பிள்ளை. ஒரே வரிதானே.”

“ஒரே வரிதான் மாமா. மாத்தின அன்னைக்கே என்னை வெளிய அனுப்பிடுவாங்க. உங்க பொண்ணுக்கு என்ன பதில் சொல்றது?”

“கிழங்குக்கு என்ன பதில் சொல்வீங்க?”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். என் பெண்ணை நினைத்து நானும் அதற்கு மேல் அழுத்தவில்லை.

சேர்ந்தாற்போல் விடுமுறை வந்தது. ஆபீஸ் பூட்டு. முதல் நாளே கம்ப்ரஸர் நின்றது. புரோகிராம் ஒரு குறையும் வைக்கவில்லை, விடாமல் அனுப்பியது. மௌனி ஆபீசுக்குப் போன் போட்டான், எடுக்க ஆளில்லை. படித்துப் பார்த்தான்: மதிப்பு, பணிவு, மேலான கவனம். சங்கம் விடுமுறைக்கு வாழ்த்துச் சொல்கிறது என்று முடிவு கட்டிவிட்டான். மரியாதை தெரிந்த பிள்ளை. ஒவ்வொன்றுக்கும் நன்றி என்று பதில் போட்டான். செயலாளருக்கும் அதே செய்தி வந்தது. ‘மதிப்பிற்குரிய ஐயா’ சரியாக வந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போனை மடக்கினார்.

விடுமுறை முடிந்து கதவைத் திறந்தபோது நாற்றம்தான் முதலில் வெளியே வந்தது. கூட்டத்தைப் பார்த்து அதுவே கொஞ்சம் தயங்கியது. சில மூட்டைகளில் முளை நீண்டு, சாக்கைக் கிழித்து, எதிர்மூட்டை முளையோடு கை கோத்திருந்தது. நான் ஒரு கிழங்கை எடுத்து வெட்டினேன். நடுவில் கருப்பு. இன்னொன்று. அதுவும். பக்கத்தில் நின்ற இன்னொரு விவசாயி என் கையிலிருந்து கத்தியை வாங்கி மடக்கி வைத்தார்.

கமிட்டிக்கு அன்றைக்கு ஆள் சேர்ந்துவிட்டது. வருத்தம் தெரிவித்துத் தீர்மானம் போட்டார்கள். அந்த வருத்தத்தையும் வரியில் சேர்க்கச் சொன்னார்கள். மாப்பிள்ளை சேர்த்தார். வேலை போகவில்லை. காலிக் கிடங்கைக் கவனித்துக்கொண்டிருக்கிறார்.

வெளியில் விதை தேடி எல்லாரும் அலைந்தோம். எங்கும் இல்லை, இருந்த இடத்திலும் அவரவருக்கே போதவில்லை. நடவுக்காலம் வந்ததும் நான் பாட்டுக்கு வயலில் இறங்கிவிட்டேன். மாப்பிள்ளை ஆபீஸ் சட்டையோடு வரப்பில் வந்து நின்றார்.

“எதுக்கு மாமா உழுறீங்க?”

“பொழுது போகணுமே மாப்பிள்ளை.”

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கிக் கல் பொறுக்க ஆரம்பித்தார். சாயங்காலத்துக்குள் சால் எல்லாம் ஒழுங்காக வந்துவிட்டது. மண் நல்ல பதம். போடுவதற்கு ஒன்றும் இல்லை.