கிருத்திகைக்குக் காலி செய்யாத வீடு

மின்விசிறி நின்றதும் அனுசுயா ஜன்னல் வழியாகத் தெருவை எட்டிப் பார்த்தாள். எதிர் வீட்டில் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. கீழே ஓனர் வீட்டில் டிவி சத்தம். ஊருக்கெல்லாம் கரண்ட் இருக்கிறது, தனக்கு மட்டும் இல்லை. படியிறங்கி வந்து மீட்டர் பெட்டியைப் பார்த்தாள். அவளுடைய மீட்டருக்குக் கீழே பீஸ் கட்டை இருந்த இடம், பல் விழுந்த வாய் மாதிரி வெறும் பொந்தாக இருந்தது.

"பில்லு கட்டினீங்களாக்கா?" என்று கேட்டுக்கொண்டே வெளியே வந்தார் வீட்டு ஓனர் தணிகைமணி. மலையடிவாரத்தில் பூஜைச் சாமான் கடை வைத்திருப்பவர். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எந்நேரமும் எதையாவது சரிபார்த்துக்கொண்டே இருப்பார்.

"பென்ஷன்ல புடிச்சிக்குவாங்கன்னு இருந்தேன் தம்பி."

தணிகைமணிக்கு அது புரியக் கொஞ்சம் நேரமானது. புரிந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "கோமளா, இங்க வா, இத்த கேளு! கரண்ட் பில்லு பென்ஷன்ல புடிப்பாங்கன்னு அக்கா குந்திகினு கீறாங்க!"

சிரிக்கட்டும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அரக்கோணம் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தவளுக்கு வேறென்ன தெரியும்? வாடகை, தண்ணீர், கரண்ட் எல்லாம் பிடித்ததுபோக மிச்சத்தைத்தான் புருஷன் தேசப்பன் சம்பளமென்று கொண்டுவருவார். விசிறி ஓடவில்லை என்று சொல்லிவிட்டால் ஆள் வந்து பார்ப்பான். அவர் சிக்னல் பிரிவில் வேலை பார்த்தார். ரிட்டயர் ஆனதும் திருத்தணியில், சமையலறையிலிருந்து மலை தெரிகிற மாதிரி ஒரு வீடு பிடிக்கலாம் என்பார். அதற்கு முன்பே, ஒரு மத்தியானம் சாப்பிட்டு எழுந்தவர் கை கழுவிய இடத்திலேயே சரிந்துவிட்டார்.

குவார்ட்டர்ஸைக் காலி செய்யத் தவணை கொடுத்தார்கள். தவணை முடிந்ததும் சாவியைக் கேட்டார்கள். விதி அதுதான், யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தச் சாவியை ஆபீஸ் மேஜைமேல் வைத்தபோது, இனி யாராவது எழுந்து போ என்று சொல்லி ஒரு வீட்டைவிட்டுப் போவதில்லை என்று அவள் மனசுக்குள் முடிச்சுப் போட்டுக்கொண்டாள். பெங்களூரில் இருக்கும் மகள் சுசித்ரா எவ்வளவோ கூப்பிட்டாள். அனுசுயா திருத்தணிக்குத்தான் வந்தாள். சமையலறை ஜன்னலில் மலை தெரிந்தது.

பீஸ் போன அன்றே மின்வாரிய ஆபீசுக்குப் போய்ப் பணத்தைக் கட்டினாள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுப்பார்கள், அதற்கப்புறம் இத்தனை நாளுக்குள் கட்டிவிட வேண்டும் என்று கவுன்ட்டரில் இருந்த பெண் பொறுமையாகச் சொன்னாள். அந்தக் கட்டடத்தில் இருந்த மூன்று மீட்டருக்கும் மெசேஜ் தணிகைமணியின் போனுக்கே போய்க்கொண்டிருந்தது. அவர் சொன்னால்தான் குடியிருப்பவர்களுக்குத் தெரியும். அவரோ கடையில் சூடம் கட்டுகிற அவசரத்தில் மறந்துவிட்டார். "இணைப்பு ஓனர் பேர்லயே இருக்கட்டும்மா. உங்க நம்பரைக் குடுங்க" என்றாள் அந்தப் பெண்.

அப்புறம் கேஸ். இறப்புச் சான்றிதழைக் கொடுத்து தேசப்பன் பெயரிலிருந்து தன் பெயருக்கு மாற்றினாள். முதல் சிலிண்டருக்குப் பதிவு செய்தபோது 'அன்புள்ள அனுசுயா' என்று மெசேஜ் வந்தது. கம்ப்யூட்டர் அனுப்புவதுதான். இருந்தாலும் இரண்டு முறை படித்தாள்.

இப்படி ஒவ்வொன்றாக அமைந்தது. காலையில் டீயை ஆற்றிக்கொண்டு மலையைப் பார்த்து நிற்கும்போது, துக்கத்துக்கு நடுவிலும் ஒரு திருப்தி வந்து உட்காருவதை அவள் கவனித்தாள். அதை விரட்டவில்லை.

குறையென்று சொன்னால் ஒன்றுதான். தணிகைமணி செருப்பை வாசலில் விடுவாரே தவிரக் குரல் கொடுக்கமாட்டார். திடுதிப்பென்று கூடத்தில் நிற்பார். குழாயைத் திருகிப் பார்ப்பார், சுவரில் ஆணி அடித்திருக்கிறதா என்று பார்ப்பார். ஆனி முடிகிற சமயத்திலும் அப்படித்தான் வந்து நின்றார்.

"ஆடிக்கிருத்திகை வருதில்லக்கா. பரணியிலேர்ந்து தெப்பம் முடியற வரைக்கும் பொண்ணு வூட்டுக்குப் போயிட்டு வந்துடுங்க. நகரி பக்கத்துலேர்ந்து நம்ம ஜனங்க காவடி எடுத்துகினு வருவாங்க. எங்க நைனா காலத்துலேர்ந்து இந்த மாடியிலதான் எறங்குவாங்க. ரூமுக்குன்னு ஏதோ குடுப்பாங்க."

"நான் இருக்கும்போது எப்படி எறங்குவாங்க?"

"அதான் சொல்றேனே, நீங்க இருக்கமாட்டீங்க. இந்தத் தெருவுல குடித்தனக்காரங்க எல்லாருமே கிருத்திகைக்கு ஒதுங்கிக் குடுப்பாங்க. பீரோவப் பூட்டிக்குங்க. அந்த போட்டோவ வேணும்னா ஒரு துணி போட்டு மூடிட்டுப் போங்க. முன்ன இருந்தவங்களும் அப்படித்தான் செஞ்சாங்க."

அனுசுயா போட்டோவைப் பார்த்தாள். தேசப்பன் அதில் எதையோ கேட்க வாயெடுத்தவர் போல இருப்பார். யூனியன் கூட்டத்தில் யார் எதைச் சொன்னாலும் "ரூல் புக்குல எந்தப் பக்கம்?" என்று கேட்டே பேர் வாங்கியவர்.

"நான் போகலை தம்பி" என்றாள்.

மகள் வீட்டுக்குப் போக அவளுக்கு ஆசைதான். போ என்று சொன்னதைத்தான் ஏற்க முடியவில்லை. தேசப்பன் முகத்தில் துணியைப் போட்டுவிட்டு, முன்பின் தெரியாதவர்கள் நடுவில் விட்டுப் போவதா?

அன்று சாயங்காலம் வாடகை ஒப்பந்தத்தை எடுத்துக் கண்ணாடி போட்டுக்கொண்டு வரிவரியாகப் படித்தாள். கிருத்திகை என்ற பேச்சே அதில் இல்லை. போனில் வாடகைச் சட்டத்தைத் தேடி, எழுத்தைப் பெரிதாக்கிப் படித்தாள். குடியிருப்பவரை எந்தெந்தக் காரணத்துக்குக் காலி செய்யச் சொல்லலாம் என்று வரிசையாகப் போட்டிருந்தது. ஆடிக்கிருத்திகை அதிலும் இல்லை. ஓனரே ஆனாலும் முன்கூட்டித் தெரிவிக்காமல் உள்ளே வரக்கூடாது என்று இருந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் சிரித்துக்கொண்டாள்.

ஆடி பிறந்த வாரம் குழாய் இருமிவிட்டு நின்றது. தொட்டி மொட்டை மாடியில் இருக்கிறது. மாடி வீட்டுக்குத் தனி வால்வு. மொட்டை மாடிக் கதவில் பூட்டுத் தொங்கியது. பக்கத்துத் தெருவில் ஒரு குடம் பிடித்து வந்து சமையலை முடித்துவிட்டு, கடைக்குப் போய் ஒரு வாஷர் வாங்கிக்கொண்டு கீழ் வீட்டு வாசலில் போய் நின்று குரல் கொடுத்தாள்.

தணிகைமணி தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் மனைவி கோமளவல்லி அடுப்பங்கரையில் வார்த்துக்கொண்டிருந்தாள்.

"தம்பி, குழாயில தண்ணி வரலை."

"வாஷர் போயிருக்கும்கா. கிருத்திகை முடியட்டும். இப்ப ஆள் கெடைக்க மாட்டான்."

"வாஷரை நானே வாங்கிகினு வந்துட்டேன்." உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். "மாடிச் சாவியக் குடுங்க, போட்டுடறேன்."

அடுப்பங்கரையில் ஒரு சிரிப்பு வெடித்து அடங்கியது.

"வால்வ மூடினா அதுக்கு வாஷர் பத்தாது தம்பி" என்றாள் அனுசுயா, குரலை உயர்த்தாமல். "தண்ணி, கரண்ட் ரெண்டையும் ஓனர் நிறுத்தக் கூடாதுன்னு சட்டத்துல இருக்கு. நிறுத்தினா வாடகை அதிகாரிகிட்ட மனு குடுக்கலாமாம். ஆபீஸ் எங்கன்னும் விசாரிச்சிட்டேன்."

"இன்னாக்கா, எம்மேல கேஸு போடப் போறீங்களா?"

"அதுக்கும் நான் வூட்டப் பூட்டிகினு கெளம்பணும். நான்தான் எங்கயும் போறதில்லன்னு சொல்லிட்டேனே."

கோமளவல்லி ஈரக் கையோடு வெளியே வந்தாள். தோசைக் கரண்டியைப் புருஷன் கையில் திணித்தாள். "கருகாம பாத்துக்க. நான் அப்பவே சொன்னேன், கேட்டியா?" என்றவள் ஆணியிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு மாடி ஏறினாள்.

தணிகைமணி கரண்டியும் கையுமாக நின்றார். "நகரி ஜனங்களுக்கு நான் இன்னாக்கா பதில் சொல்லுவேன்? எங்க நைனா குடுத்த வாக்கு. என் வூட்டுக்கு ஆளக் கூட்டியாற நான் ஒருத்தருகிட்ட கேட்டுகினா இருக்கணும்?"

"ஆங், கேக்கணும். வாடகைக்கு விட்டப்புறம் கேட்டுத்தான் ஆவணும். நீங்க என்னைப் போன்னு சொன்னீங்க. அவங்க வரட்டுமான்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

தோசை கருகும் வாசனை வந்தது. மேலே தொட்டியிலிருந்து குழாய்க்குள் தண்ணீர் இறங்கும் சத்தமும் கேட்டது.

பரணியன்று காலையிலேயே மஞ்சள் துணிக் கூட்டம் சரவணப் பொய்கைப் பக்கம் நிறைந்துவிட்டது. நகரிக்காரர்களின் வேன் மத்தியானம் வந்தது. தணிகைமணி மொட்டை மாடியில் ஷாமியானா போட்டு, ஜமுக்காளம் விரித்து வைத்திருந்தார். அவர்கள் பூக்காவடிகளைச் சுவரில் சாய்த்துவிட்டு உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. சாதாரணத் தூறல் இல்லை. ஷாமியானா நடுவில் தொப்பை போட்டுத் தண்ணீரைக் கொட்டியது.

படியில் ஆட்கள் ஏறுவதும் இறங்குவதும் அனுசுயாவுக்குக் கேட்டது. ஒரு கைக்குழந்தை அழுதது. அவளுக்கு எழுந்து போய்க் கூப்பிட வேண்டும் போலத்தான் இருந்தது. கதவை அகலத் திறந்து வைத்தாள். அதற்கு மேல் போகவில்லை. கேட்க வேண்டியவர் கேட்கட்டும் என்று நாற்காலியில் உட்கார்ந்தாள்.

தலையிலிருந்து தண்ணீர் சொட்ட தணிகைமணி வந்தார். உள்ளே வைக்கப்போன காலைப் பின்னால் இழுத்துக்கொண்டார். திறந்திருந்த கதவைத் தட்டினார்.

"அக்கா, உள்ள வரலாமா?"

"வாங்க தம்பி."

"பொம்பளைங்க, கொழந்தைங்க எல்லாம் நனையறாங்க. உங்களுக்கு ஒண்ணும் இல்லன்னா... முன் ரூமுல..." அவருக்கு முடிக்க வரவில்லை. கேட்டுப் பழக்கமில்லாத மனுஷன்.

"ஆம்பளைங்க உங்க வூட்டுல இருக்கட்டும். பொம்பளைங்க இங்க வரட்டும். பின் ரூம் எனக்கு. போட்டோவ மூட மாட்டேன்."

"ஐயோ, மூட வேணாங்கா."

"என் வூட்டுக்கு வர்ற விருந்தாளிங்க. இந்த ரூமுக்கு அவங்ககிட்ட காசு வாங்கக் கூடாது."

"அதுவுமா?"

"அதுவும்தான்."

முதலில் உள்ளே வந்தவள் முனெம்மா என்ற வயதான பெண். பின்னாலேயே ஈரப் புடவைகளும் சாமந்தி வாசனையும் கூடத்தை நிறைத்தன. முனெம்மா தலையைத் துவட்டிக்கொண்டே போட்டோவின் முன்னால் நின்றாள்.

"மீ ஆயனா?" என்று தெலுங்கில் கேட்டாள். உன் வீட்டுக்காரரா என்று.

"அவுனு" என்று ஆமோதித்தாள் அனுசுயா. குவார்ட்டர்ஸில் பாதி தெலுங்குக் குடும்பங்கள்.

"மஞ்சி மொகம்." நல்ல முகம் என்று சொல்லிவிட்டு, காவடியிலிருந்து உதிர்ந்து முந்தானையில் ஒட்டியிருந்த ஒரு பூவை எடுத்துப் போட்டோச் சட்டத்தின் ஓரத்தில் செருகினாள். அனுசுயா அடுப்பங்கரைக்குப் போய், இருந்ததிலேயே பெரிய பாத்திரத்தில் டீக்குத் தண்ணீர் வைத்தாள். குழாயைத் திறந்ததும் தண்ணீர் கொட்டியது. தேசப்பன் எதையோ கேட்க வாயெடுத்தவர் போலவேதான் இருந்தார், காதுக்குப் பக்கத்தில் ஒரு சாமந்தியோடு.

தெப்பம் முடிந்து அவர்கள் போனபிறகு வீடு இரண்டு நாளைக்குப் பூவாசனை அடித்தது. அடுத்த ரீடிங்கில் யூனிட் கூடுதலாக வந்தது. மெசேஜ் அவள் போனுக்கே வந்தது. மறுநாள் காலையில் போய்க் கட்டிவிட்டாள்.

தணிகைமணிக்குத்தான் தட்டும் பழக்கம் ஒரேயடியாகத் தொற்றிக்கொண்டது. ஒருநாள் அனுசுயா காய்கறிப் பையோடு படியேறி வரும்போது, பூட்டியிருந்த கதவை அவர் மும்முரமாகத் தட்டிக்கொண்டிருந்தார்.

"யாரு?" என்று பின்னாலிருந்து கேட்டாள்.

"ஓனர்தாங்கா" என்றார் அவர் கதவைப் பார்த்தே. அப்புறம் திரும்பிப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"ஆங், இருங்க" என்று அவரைத் தாண்டிப் போய், சாவியை எடுத்துக் கதவைத் திறந்தாள் அனுசுயா.