மிதக்கும் முட்டைகள்

நான்காவது முட்டையும் மிதந்தது. பல்செட் செய்கிறவர் கரண்டியால் ஓர் அமுக்கு அமுக்கினார். போன வேகத்திலேயே மேலே வந்து, வெள்ளை முதுகைக் காட்டிக்கொண்டு சட்டிக்குள் ஒய்யாரமாக ஒரு சுற்றுச் சுற்றியது.

"முழுகவே மாட்டேங்குதே," என்றாள் வாண்டு. யாரிடம் சொன்னாள் என்பது சட்டிக்கே வெளிச்சம்.

அவரைக் கூப்பிட அவளிடம் வார்த்தை கிடையாது. அவர் அவள் அம்மாவைக் கட்டிக்கொண்டு இந்த வீட்டுக்கு வந்து ஒரு மழைக்காலம் போய்விட்டது. அப்பா என்ற சொல்லை ஏற்கெனவே ஒருவருக்குக் கொடுத்தாகிவிட்டது. அவர் கூடத்துச் சுவரில் சட்டத்துக்குள் சிரித்துக்கொண்டிருக்கிறார். வயதுகூட ஏறாத மனிதரோடு என்னவென்று போட்டி போடுவது? 'மாமா'ன்னு சொல்லிப் பாரேன் என்றாள் அம்மா. வாண்டு ஒரே தடவை சொல்லிவிட்டு, கசப்பு மருந்து குடித்த முகத்தோடு தண்ணீர் கேட்டாள். அன்றிலிருந்து "இந்தாங்க", "கேக்குதா". அவசரமென்றால் ஓர் இருமல். அதற்கும் அவர் பழகிவிட்டார். போன வாரம் வேலையிடத்தில் யாரோ நிஜமாகவே இருமியதற்கு, "என்னம்மா?" என்று எழுந்து போனார்.

ஈஸ்டருக்குக் கடைச் சாயம் வேண்டாம், செடிகொடியிலேயே செய்வோம் என்றது அவர்தான். வெங்காயச் சருகை வேகவைத்தால் செம்மண் நிறம். ஊதா முட்டைக்கோஸ் வெந்த தண்ணீரில் வினிகர் விட்டால் நீலம். மஞ்சள்தூளில் மஞ்சள்; இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. பண்டிகை முடிந்ததும் ஓடுகளைப் பாதியாக வெட்டி, மண் போட்டு, ஜன்னலோரம் தக்காளி விதை ஊன்றுவதாக ஏற்பாடு. அதற்கு ஓடு காலியாக இருக்க வேண்டுமே என்று, பல் ராவுகிற குட்டி டிரில்லால் இரண்டு முனையிலும் ஊசித்துளை போட்டு, கன்னம் வலிக்க ஊதி, உள்ளேயிருந்ததையெல்லாம் வெளியேற்றினார். நேர்த்தியான வேலை. வீடே மூன்று வேளையும் ஆம்லெட் தின்றது. காலி ஓடு மிதக்கும் என்பது மட்டும் அத்தனை நேர்த்திக்கும் தோன்றவில்லை.

மிதந்தால் மிதக்கட்டும் என்று விடவும் முடியாது. எந்தச் செடி யாருடையது என்று தெரிய, வாண்டு ஒவ்வொரு முட்டையிலும் வெள்ளை மெழுகுவத்தி முனையால் எழுதியிருந்தாள். வெள்ளையில் வெள்ளை, கண்ணுக்குத் தெரியாது. மெழுகில் சாயம் பிடிக்காது. சுற்றிலும் நிறம் ஏறினால்தான் எழுத்து வெளுப்பாகத் தெரியவரும். மெழுகு உருகிவிடக் கூடாதென்று சாயத்தை ஆறவைத்துத்தான் போட்டார்கள். 'அம்மா', 'அப்பா', 'நான்' மூன்றையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதியவள், அவருடைய முட்டையை மட்டும் கையால் மறைத்துக்கொண்டு எழுதினாள். அதில்தான், எழுதிய பக்கம் அடம்பிடித்து மேலேயே நின்றது.

"என்ன எழுதினே?"

"சாயம் ஏறினா தெரியும்."

"ஏறாட்டி?"

"ஏறாட்டி உங்க முட்டை மொட்டை."

"பல்செட்டுன்னு எழுதிட்டியா?"

"அவ்ளோ எடம் இல்ல."

அப்படியானால் சின்னச் சொல். அவருக்குத் தெரிந்த சின்னச் சொற்களையெல்லாம் மனதுக்குள் எண்ணிப் பார்த்தார். நிறையத்தான் இருந்தன; பாதி ஜன்னலில் வைக்கக் கூடியவை அல்ல.

ஆஸ்பத்திரி டியூட்டிக்கு நடுவே அவள் அம்மா போன் செய்தாள். "சண்டை கிண்டை போடாம இருக்கீங்களா?"

"சண்டைக்கும் ஏதாவது சொல்லிக் கூப்பிடணுமேம்மா," என்றார் அவர்.

போனை வைத்துவிட்டுத் திரும்பினால், கரண்டி ஓரமாகக் கிடந்தது. வாண்டு முழங்கைவரை சட்டையைச் சுருட்டிவிட்டு, ஆள்காட்டி விரலால் முட்டையை அமுக்கிப் பிடித்திருந்தாள். மெழுகு உரியாமல், ஓரமாக.

"கரண்டியால அமுக்கினா மெழுகு சுரண்டிக்கும்," என்றாள். "தண்ணி உள்ள போனா தானா முழுகிடும். ஓட்டைய இவ்ளோ சின்னதா யாரு போடச் சொன்னா?"

"தப்புதான்."

துளையிலிருந்து கடுகளவு குமிழிகள் ஒவ்வொன்றாக வந்தன. கொஞ்ச நேரம் கழித்து முட்டையை எடுத்துப் பார்த்தாள். மங்கலான நீலத்தில் ஒரு சுழி, வெளுப்பாக. அவர் குனிவதற்குள் கட்டைவிரலால் மூடிவிட்டாள்.

"இன்னும் ஊறணும்," என்று மறுபடி தண்ணீருக்குள் விட்டாள். "கை வலிக்குது. இந்தப் பக்கம் நீங்க பிடிங்க. பாக்கக் கூடாது."

அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, விரலைச் சட்டிக்குள் விட்டுத் துழாவினார். முதலில் அவளுடைய விரல்தான் தட்டுப்பட்டது, சில்லென்று. அதை ஒட்டி, ஓடு நொறுங்காத அளவுக்கு அமுக்கினார்.