நடுங்காத கை

விடிந்தும் விடியாத அந்த நேரத்தில் இருளாயிக்குத் தன் மரத்தின் மேல் கண்ணில்லை. பக்கத்து வரிசையில் புருஷன் அழகமுத்து ரப்பர் பால் வெட்டிக்கொண்டிருந்தான். பட்டையை மேலாகச் சீவினால் பால் சிரட்டையில் இறங்கும். கை ஆடிக் கத்தி ஆழமாக இறங்கிவிட்டால் மரத்துக்குக் காயம். அழகமுத்துவின் கை ஆடிக்கொண்டேயிருந்தது. முந்தின நாள் குடித்தது இறங்கிவிட்டால் காலையில் அவனுக்கு அப்படித்தான்.

அவன் அடுத்த மரத்துக்கு நகர்ந்ததும் இவள் ஓடிப்போய், மடியில் கட்டி வைத்திருந்த ஈரச்சேற்றைக் காயத்தில் அப்பி மறைப்பாள். சேறு அப்பினால் பட்டை அழுகும் என்பது அவளுக்குத் தெரியாததல்ல. ஆனால் காயம் கங்காணி சடையப்பன் கண்ணில் பட்டால் அன்றைக்கு அரைப்பேர், பாதிக் கூலிதான். தோட்ட அதிகாரி சின்னத்துரை கண்ணில் பட்டாலோ பதிவில் பேரே இருக்காது. குடியிருக்கும் லயத்துக் காம்பராவைக் காலி பண்ணிவிட்டுச் சட்டி பானையோடு ருவான்வெல்லை ரோட்டில் நிற்க வேண்டியதுதான். எங்கே இலை சலசலத்தாலும் திரும்பிப் பார்ப்பாள்.

பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது அண்ணன் நாகலிங்கத்திடம் அழுதேவிட்டாள்.

"மாரியாத்தா மேல சத்தியம் வாங்கிட்டேண்ணே. ரெண்டு நாளு நிக்குது. அப்புறம் சாயந்தரமானா காலு தானா கள்ளுத் தவறணைக்குப் போகுது."

"சாயந்தரத்துல அந்த மனுசனுக்கு வேற என்ன வேல இருக்கு? சும்மா குந்தியிருந்தா நெனப்பு அங்கதான் போகும். எங்கிட்ட அனுப்பு, சிலம்பம் சுத்தட்டும். நல்லா வேர்த்துப்புட்டா வயித்துல பசிதான் எரியும், வேற ஒண்ணும் எரியாது."

லயத்துக்குக் கீழே ஓடைக்கரையில் கொஞ்சம் சமதரை இருந்தது. முதல் நாட்களில் அழகமுத்துவால் கம்பைப் பிடிக்கவே முடியவில்லை. நாலு சுற்று சுற்றினால் கம்பு எகிறி ஓடையில் விழும். வாந்தி எடுத்தான். உடம்பு தூக்கித் தூக்கிப் போட, "என்னை விட்ருங்க மச்சான், ஒரே ஒரு மடக்கு" என்று காலைப் பிடித்தான். இவன் செத்துத்தான் போவானோ என்று இருளாயி வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தாள். நாகலிங்கம் விடவில்லை. கம்பை எடுத்துக் கையில் திணித்து, "காலை மாத்து. குனி. திரும்பு" என்றான்.

வேர்வை ஓட ஓட அழகமுத்து சோற்றைக் கேட்டு வாங்கித் தின்ன ஆரம்பித்தான். குறட்டை விட்டுத் தூங்கினான். சில சாயந்தரங்களில் கண் தவறணைப் பக்கமே போகும். அன்றைக்கு இன்னும் வேகமாகச் சுற்றுவான். ஒருநாள் வேலை முடிந்து பார்த்தால் இருளாயியின் மடியில் சேறு அப்படியே காய்ந்து கட்டியாகக் கிடந்தது. அதை மரத்தடியில் உதறிக் கொட்டினாள். சந்தோஷம்தான். ஆனால் யாரிடமாவது சொன்னால் கண்பட்டுவிடுமோ என்று அதற்கும் பயந்தாள்.

கண் படத்தான் பட்டது. தவறணைக்குப் போய்க்கொண்டிருந்த வேறு சிலரும் ஓடைக்கரைக்கு வர ஆரம்பித்தார்கள். தவறணை நடத்தியவன் கங்காணியின் மச்சினன். ஒரு சாயந்தரம் சடையப்பன் குடையை ஊன்றிக்கொண்டு வந்து நின்று பார்த்தார்.

"என்ன நாகலிங்கம், பட்டாளம் சேக்கிறியா?" என்று கேட்டுச் சிரித்தார்.

மறுநாள் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் சின்னத்துரையின் சப்பாத்துக் காலுக்கு முன்னால் கம்புகள் கிடந்தன. நாகலிங்கத்தையும் அழகமுத்துவையும் கங்காணி முன்னால் இழுத்து நிறுத்தினார்.

"சண்டை படிக்கிறதா? யாரை அடிக்க?" என்றார் சின்னத்துரை.

"அடிக்க இல்லீங்க தொரை," என்றான் அழகமுத்து. "குடிய விடுறதுக்குங்க. கை நடுக்கம் நிக்கிறதுக்குங்க."

"கையை நீட்டு."

நீட்டினான். ஒரு விரல்கூட ஆடவில்லை. அதைப் பார்த்ததும் இருளாயிக்கு எங்கிருந்தோ தைரியம் வந்தது.

"காயமில்லாம வெட்டுறாருங்க தொரை. மரத்த வந்து பாருங்க சாமி."

கங்காணி குனிந்து பணிவாகச் சொன்னார்: "தொரை முன்னால எந்தக் கூலிக்காவது கை நடுங்காம இருந்திருக்குதுங்களா? இது எதுக்குப் பழகுன கையின்னு தொரைக்கே தெரியும்."

சின்னத்துரை அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ஒரு அடி பின்னால் போனார்.

கம்புகள் ரப்பர் புகை போடும் அடுப்புக்குப் போயின. நாகலிங்கத்துக்குப் பேர் வெட்டு; தோட்டத்தில் இனி வேலை இல்லை. மத்தியானமே மூட்டையைத் தூக்கிக்கொண்டு கரவனெல்லப் பக்கம் நடந்தான். இனி ஓடைக்கரையில் யாராவது கூடினால் அவர்களுக்கும் அதே கதி என்று உத்தரவு. அழகமுத்துவைத் தட்டிக்கொடுத்து, "பொழுது போகலேன்னா மச்சினன் கடையில வந்து குந்து. யாரு கேக்கப்போறா?" என்றார் கங்காணி.

சாயந்தரம் அழகமுத்து வாசற்படியில் கைகளைத் தொடைக்கு நடுவே இடுக்கிக்கொண்டு உட்கார்ந்தான். எழுந்தான். மறுபடி உட்கார்ந்தான்.

"உள்ளுக்கு வந்து வெறுங்கையாலயாவது சுத்துங்க," என்றாள் இருளாயி. "கதவச் சாத்திக்கிறேன்."

வந்தான். காலை மாற்றிக் கையைத் தூக்கினான். கூரைத் தகரம் இடித்தது. பக்கவாட்டில் வீசினான், சுவர் இடித்தது. முழங்கைத் தோல் உரிந்ததைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு அவள் முகத்தைப் பாராமல் கதவைத் திறந்துகொண்டு ரோட்டுப் பக்கம் இறங்கிப் போனான்.

இருட்டுவதற்குள் இருளாயி ஓடைக்கரைக்குப் போனாள். ஆண்கள் மிதித்து மிதித்துச் சமதரை கெட்டித்துக் கிடந்தது; நகம்கூட இறங்கவில்லை. இன்னும் கீழே போய்த் தண்ணீர் ஓரத்தில் குந்தி, காலைக்கு வேண்டிய சேற்றை அள்ளி மடியில் கட்டிக்கொண்டாள்.